எட்டா ஒன்பதா? நாஞ்சில் நாட்டில் கமாவுக்கு முன்னும் பின்னும்

ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாருக்கு மாற்றுநிலம் கொடுத்து ஓர் இடத்தைப் பெற்று, அங்கே விஷ்ணுவுக்குக் கோயில் எடுத்தான். காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்டு ஒரு கல்விச்சாலையும் நிறுவினான். இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திபபுரம் அதுதான். (கறாராகப் பார்த்தால் நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகள் மட்டுமே, முஞ்சிறை அதற்கு மேற்கே இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு அந்த எல்லைத் தகராறு வேண்டாம்.) 866-ஆம் ஆண்டினது என்று கணிக்கப்படும் அந்த ஏற்பாட்டின் செப்பேடு, திருவனந்தபுரம் ஹுசூர் கச்சேரியில் இருந்து பின்னாளில் திருவாங்கூர் தொல்லியல் வரிசையில் அச்சேறியது. சாலையில் தங்கிப் படிக்க 95 சட்டர்களுக்கு, அதாவது வேத மாணவர்களுக்கு, இடம். சரணம் என்ற வேதப் பிரிவுகளின்படி, பவிழியச் சரணத்தாருக்கு 45, தைத்திரியச் சரணத்தாருக்கு 36, தலவகாரச் சரணத்தாருக்கு 14 என்று பங்கு. கூட்டினால் 95 சரியாக வருகிறது. கமா, முற்றுப்புள்ளி என்று நாம் அறிந்த குறிகள் எதுவும் அந்தக் காலத்து எழுத்தில் இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளிகூடக் கிடையாது. ஆனாலும் ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து வாசிக்கிறவருக்கு எத்தனை பிரிவு, எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்பதில் தடுமாற்றம் இல்லை. பட்டியலைப் பூட்டி வைத்திருப்பது எண்.

ஆங்கிலத்தில் கமா போடத் தெரியாதவர்கள் என்று நம் மாணவர்களையும் குமாஸ்தாக்களையும் பத்திரம் எழுதுகிறவர்களையும் குறை சொல்வது நெடுநாள் வழக்கம். அறியாமையே காரணம் என்று அதைத் தள்ளிவிடுவதை நான் ஏற்கவில்லை. அந்தப் பிழைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. குமரி மாவட்டத்தில் அதை ஏறக்குறைய முழுதாகவே பார்க்க முடிகிறது. கமா செய்யும் வேலையைச் சொல்லாலும் எண்ணாலும் செய்துவந்த ஒரு மொழிக்கு, அச்சுக்கூடத்தின் வழியே, மூச்சு விடும் இடத்தைக் காட்டும் குறியாகக் கமா வந்து சேர்ந்தது. வந்த பிறகு ஆங்கிலம் அதன் வேலையை மாற்றிவிட்டது. நாம் முதலில் கேட்ட பாடத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் பட்டியல். தமிழ் இலக்கணம் இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். தொல்காப்பியத்தின் இடையியல், பொருள்களை எண்ணி அடுக்கும் வழிகளுக்கென்றே சில நூற்பாக்களை ஒதுக்குகிறது. ஒவ்வொரு பெயரோடும் ‘உம்’ சேர்த்து எண்ணலாம், ‘என’ சேர்க்கலாம், ‘என்றா’, ‘ஏ’ முதலியவற்றைக் கொண்டும் எண்ணலாம். இடைச்சொல் எதுவும் இல்லாமல் பெயர்களை மட்டும் வரிசையாக நிறுத்துவது செவ்வெண். இந்தச் செவ்வெண்ணுக்கு இலக்கணம் ஒரு நிபந்தனை வைக்கிறது: கடைசியில் தொகை வரவேண்டும். சேரன் சோழன் பாண்டியன் என்று சொன்னால் மட்டும் போதாது, மூவரும் வந்தார்கள் என்று கூட்டிச் சொல்லவேண்டும். ‘உம்’ கொண்டு எண்ணினால் தொகை கட்டாயமில்லை, ஏனென்றால் ஒவ்வொரு பெயரும் தன் எல்லையைத் தானே காட்டிக்கொள்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தியும் இதே விதியைச் சிறிது விரித்து மறுபடி சொல்கிறார். உருப்படிகள் எங்கே பிரிகின்றன, பட்டியல் எங்கே முடிகிறது என்ற கேள்விதான் ஆங்கில இலக்கண ஆசிரியர்கள் கமாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதக் காரணம். தமிழ் அதற்கு வேறு கருவியால் விடை கண்டிருந்தது. தொல்காப்பியம் அரங்கேறியபோது கேட்டவர் என்று பாயிரம் சொல்லும் அதங்கோட்டாசானின் ஊர் குழித்துறைப் பக்கத்து அதங்கோடுதான் என்பது இம்மாவட்டத்தாரின் உறுதியான நம்பிக்கை. அந்த அடையாளம் சரியோ தவறோ, விதி என்னவோ இங்கே நடைமுறையில் இருந்தது. நிலதானம் பற்றிய கல்வெட்டுகளில் கிழக்கெல்லை, தெற்கெல்லை, மேற்கெல்லை, வடக்கெல்லை என்று வரிசையாகச் சொல்லி, இந்நான்கு எல்லைக்கும் உட்பட்ட நிலம் என்று முடிப்பது வாய்பாடு. அந்த ‘நான்கு’ அலங்காரம் அல்ல. எல்லை ஒன்று விட்டுப்போனாலும், ஒன்று கூடுதலாக நுழைந்துவிட்டாலும் காட்டிக்கொடுக்கிற காவல் அது.

இங்கே ஒரு மறுப்பு எழும். குறிகள் இல்லாததால் குழப்பமே இல்லை என்றால், உரையாசிரியர்கள் ஏன் ஒரே நூற்பாவை வெவ்வேறு விதமாகப் பிரித்துச் சண்டையிட்டார்கள்? நச்சினார்க்கினியர் எங்கோ இருக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொன்னது குறி இல்லாத குறையால்தானே? நியாயமான கேள்வி. குழப்பமே இல்லை என்று நான் சொல்லவில்லை. செய்யுளில் இருந்தது, அதிகமாகவே இருந்தது. சில இடங்களில் புலவர்கள் அதை வேண்டுமென்றே வைத்தார்கள், ரசித்தார்கள். ஆனால் நிலமும் நெல்லும் ஆளும் கைமாறுகிற ஆவணத்தில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடி எடுத்து ஆராய்ந்தார், பிற்காலத்தில் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். வரி, விற்பனை, நாட்டார் கூட்டம், அடிமை ஒப்படைப்பு என்று அவை பேசும் உலகில், ஒரு சொல் எதோடு சேரும் என்பது யாரோ ஒருவருடைய வயிற்றுப்பாடு. அந்த எழுத்தர்கள் பாதுகாப்பை எண்ணிலும் தொகையிலும் தேடினார்கள். ஓலையின் இயல்பும் அதற்குத் துணைபோனது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் மெய்யெழுத்துப் புள்ளியையே விட்டுவிட்டு எழுதிய கை, நிறுத்தத்துக்கு ஒரு கீறல் போட்டிருக்குமா? போட்டிருந்தாலும், ஓலையின் நார்க்கீற்றா குறியா என்று அடுத்துப் பார்த்தெழுதுகிறவருக்குத் தெரிந்திருக்காது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை படியெடுக்கவேண்டிய ஓலையில் கீறல் காணாமற்போகலாம். ‘நான்கு’ காணாமற்போகாது.

மேற்கத்தியச் சட்டமும் நெடுங்காலம் இதே ஐயத்தோடுதான் கமாவைப் பார்த்தது. ஆங்கிலப் பாராளுமன்றச் சட்டங்கள் தோல்சுருளில் பதிவானபோது பெரும்பாலும் குறிகள் இல்லாமலே எழுதப்பட்டன. அச்சில் தெரிகிற குறி அச்சுக்காரர் இட்டது, அதைச் சட்டத்தின் பகுதியாகக் கொள்ள வேண்டியதில்லை என்று நீதிபதிகள் கருதிவந்தார்கள். குறியில்லாத ஆவணம் பிற்போக்கானது என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

வாய்விட்டு வாசிக்கிறவருக்காவது குறி வேண்டாமா? குமரி மாவட்டத்தில் இதற்கு உயிரோடு இருக்கும் சான்று அய்யாவழியினரின் சாமித்தோப்பு. 1841-இல் அரிகோபாலன் சீடர் ஏட்டில் எழுதியதாகக் கொள்ளப்படும் அகிலத்திரட்டு அம்மானை 1939-இல்தான் அச்சு கண்டது. இடைப்பட்ட ஏறத்தாழ நூறு ஆண்டும் அது ஏட்டிலிருந்தே வாசிக்கப்பட்டது. கார்த்திகையில் 17 நாள் நடக்கும் திருஏடு வாசிப்பில், எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது என்பதை வாசிப்பவர் கேள்வியால் கற்றிருந்தார். பாட்டின் சீரும் அடியும் மீதியைச் சொல்லின. வில்லுப்பாட்டு ஏடுகளின் நிலையும் இதுதான். நிறுத்தம் வாசிப்பவரின் வித்தையாக இருந்தது, எழுதியவரின் கடமையாக அல்ல. வித்தை கைவராதவர் கூட்டத்தின் முன் ஏட்டைத் தொடுவதில்லை. கமா தேவைப்படுவது இந்தக் கட்டுப்பாடு உடையும்போது: பயிற்சி பெறாதவர், முன்பு கேட்டிராத உரைநடையை, அந்நியர்கள் முன்னே வாசிக்கவேண்டி வரும்போது.

அந்த நிலை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்தது. மைலாடியில் வேதமாணிக்கத்தின் அழைப்பால் 1806-இல் ரிங்கல்தௌபே லண்டன் மிஷன் பணியைத் தொடங்கினார். 1818-இல் வந்த சார்லஸ் மீட் பணியின் மையத்தை நாகர்கோவிலுக்கு மாற்றி, கொஞ்ச காலம் அங்கே நீதிபதியாகவும் உட்கார்ந்து, 1820-களின் தொடக்கத்தில் ஓர் அச்சுக்கூடத்தையும் நிறுவினார். பள்ளிப் புத்தகம், துண்டுப் பிரசுரம், வேதப்பகுதி என்று அங்கிருந்து கிளம்பிய தாள்களை வாசித்தவர்கள் ஊர் ஊராகப் போன உபதேசியார்கள். கேட்டவர்கள் பெரும்பாலும் எழுத்து மறுக்கப்பட்டிருந்தவர்கள். செய்யுள் அல்ல, உரைநடை. சீரும் அடியும் கைகொடுக்காத அந்த உரைநடையில் நிறுத்தம் எங்கே என்று தாளே சொல்லவேண்டியிருந்தது. மிஷனரிகளுக்கு அந்தப் பழக்கம் தாய்வீட்டிலேயே இருந்தது. 1611-இன் ஆங்கில விவிலியம் தேவாலயங்களில் வாசிக்கப்படுவதற்கென்று தன் முகப்பிலேயே அறிவித்துக்கொண்ட புத்தகம். அதன் குறிகள் வாசிப்பவரின் தொண்டைக்காக இடப்பட்டவை. அந்தத் தலைமுறை படித்த இலக்கணப் புத்தகமும் அதையே சொன்னது. 1795-இல் வெளிவந்து பல பத்தாண்டுகள் ஆங்கில உலகை ஆண்ட லின்ட்லி மரேயின் இலக்கணம், கமா மிகச் சிறிய நிறுத்தம், செமிகோலன் அதில் இரு மடங்கு, கோலன் செமிகோலனில் இரு மடங்கு, முற்றுப்புள்ளி கோலனில் இரு மடங்கு என்று தாளக் கணக்குப் போலக் கற்பித்தது. தமிழில் நாம் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று கால அளவிலேயே பெயர் வைத்துக்கொண்டதிலும் இந்தக் கணக்கின் சாயல் இருக்கிறது.

தமிழ் உரைநடைக்கு நிறுத்தற்குறிகளை நிலைப்படுத்தியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் என்பதுதானே வழக்கு, நாகர்கோவிலுக்கு ஏன் இந்தப் பெருமை என்று கேட்கலாம். பெருமையைப் பிடுங்குவது என் நோக்கம் அல்ல. நாவலரே பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். சைவப் பிரசங்கத்துக்காகவும் பாடசாலைக்காகவும் உரைநடை எழுதியவர். சமயம் வேறு, தேவை ஒன்று: புதிய வாசகன், புதிய உரைநடை, சத்தமிட்ட வாசிப்பு. யார் முதல் என்று ஆராய்வதைவிட, எங்கெங்கெல்லாம் இந்த மூன்றும் கூடினவோ அங்கெல்லாம் மூச்சுக்குறியாகக் காற்புள்ளி நுழைந்தது என்று சொல்வதே பொருத்தம்.

இனி ஆங்கிலம் செய்ததைப் பார்க்கவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நீண்ட எழுவாய்க்குப் பின், வினைக்கு முன், கமா இடுவது தவறல்ல. 1791-இல் நிறைவேறிய அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தத்தை எடுத்துப் பாருங்கள்: ஆயுதம் வைத்திருக்கும் உரிமை என்ற எழுவாய்க்கும் அது மீறப்படலாகாது என்ற பயனிலைக்கும் நடுவே ஒரு கமா நிற்கிறது. இன்றைய ஆங்கில ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார். 19-ஆம் நூற்றாண்டு முழுக்க ஆங்கிலம் மெல்ல மௌன வாசிப்புக்கு மாறியது. 1906-இல் ஃபௌலர் சகோதரர்கள் எழுதிய ‘தி கிங்ஸ் இங்கிலீஷ்’ குறிகளைக் குறைத்துப் பயன்படுத்தச் சொன்னது. கமா மூச்சைவிட்டு வாக்கிய அமைப்பைக் காட்டும் குறியானது. நாகர்கோவில் வகுப்பறைக்கு முதலில் வந்ததோ மரேயின் கமா; வாக்கியத்தைச் சத்தமாகப் படி, நிற்கிற இடத்தில் கமா போடு என்ற அந்தப் பாடம், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், வாய்வழியாக ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு இன்றுவரை போகிறது. தமிழில் நீண்ட எழுவாய்க்குப் பின் காற்புள்ளி இட்டு மூச்சு வாங்குவது இன்றும் ஏற்புடையது. ஆங்கிலத்தில் எழுவாய்க்குப் பின் கமா இடும் தமிழர், தம் மொழியின் பழக்கத்தையும் ஆங்கிலத்தின் பழைய பழக்கத்தையும் ஒருசேரப் பின்பற்றுகிறார். பிழைதான், ஆனால் இருநூறு வயதான பிழை.

பள்ளி இலக்கண நூல்களில் நெஸ்ஃபீல்டும், அவருக்குப் பின் 1930-களில் ரென் அண்ட் மார்ட்டினும் அமைப்பு விதிகளைத் தெளிவாகப் பட்டியலிட்டார்களே என்று சொல்லலாம். ஆம், பட்டியலிட்டார்கள். ஆனால் அந்தப் பாடம் புத்தகத்தின் ஓரத்தில், மற்றக் குறிகளோடு சேர்த்து, தேர்வுக்குக் கமா நீக்கிய பத்தி ஒன்றைக் கொடுத்துக் குறியிடச் சொல்லும் பயிற்சியாகவே எஞ்சியது. பழகிய காதும் படித்த விதியும் மோதினால் காதுதான் வெல்லும்.

பட்டியல் கமாவின் விஷயத்தில் ஆங்கிலத்துக்கே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கடைசி உருப்படிக்கு முன் வரும் ‘அண்ட்’ என்ற சொல்லுக்கும் முன்னால் ஒரு கமா வேண்டும் என்பது ஆக்ஸ்ஃபோர்டு அச்சகத்தின் மரபு. வேண்டாம் என்பது பெரும்பாலான செய்தித்தாள்களின் மரபு. இது வெறும் நடை விவகாரம் என்று விட்டுவிடலாம் என்பவர்களுக்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவன வழக்கைச் சொல்வேன். மிகைநேர ஊதியம் கிடைக்காத வேலைகள் என்று அம்மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் தந்தது: டப்பாவில் அடைத்தல், பக்குவப்படுத்தல், கெடாமல் காத்தல், உறையவைத்தல், உலர்த்தல், விற்பனைக்கு ஏற்பாடு செய்தல், சேமித்தல், பிறகு, அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ கட்டுதல். அல்லது, அனுப்புவதற்காகக் கட்டுதல், விநியோகித்தல். ஆங்கிலத்தில் ‘ஆர்’ என்ற சொல்லுக்கு முன் கமா இல்லாததால் இரண்டு விதமாகவும் படிக்கலாம். லாரி ஓட்டுநர்கள் விநியோகிப்பவர்கள், கட்டுபவர்கள் அல்லர். பட்டியலில் விநியோகம் தனி வேலையாக இல்லை, ஆகவே எங்களுக்கு மிகைநேர ஊதியம் உண்டு என்று வழக்காடினார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் தெளிவாக இல்லை என்று ஏற்று அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2018-இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தீர்ப்புக்குப் பின் மெய்ன் சட்டமன்றம் அந்தப் பட்டியலில் செமிகோலன்களைக் கொண்டுவந்து ஓட்டையை அடைத்தது.

இந்தப் பட்டியலை எண்ணிப் பாருங்கள். கட்டுதலை ஒன்றாகக் கொண்டால் எட்டு வேலை. விநியோகத்தைத் தனியாக எடுத்தால் ஒன்பது. செவ்வெண் விதி தெரிந்த ஓர் எழுத்தர் அந்தச் சட்டத்தை எழுதியிருந்தால் முடிவில் ‘ஆகிய எட்டும்’ அல்லது ‘ஆகிய ஒன்பதும்’ என்று எழுதியிருப்பார். வழக்கே எழுந்திருக்காது. ஆங்கிலத்தில் தொகை சொல்லக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. அந்த இலக்கணம் அதைக் கட்டாயமாக்கவில்லை, அவ்வளவுதான். தலைகீழாக, இன்றைய தமிழ் அரசாணைகளிலும் செய்திகளிலும் காற்புள்ளி மட்டும் இட்டு, தொகையை விட்டு, ‘மற்றும்’ என்ற ஒட்டுச்சொல்லால் பட்டியலை முடிக்கும் வழக்கம் பெருகிவிட்டது. ஆங்கிலப் பட்டியலின் பலவீனத்தை நாம் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம் என்றே இதைப் பார்க்கிறேன்.

பட்டியலில் தமிழர் கை வலுவானது என்றால், வேறோர் இடத்தில் ஆங்கிலக் கமாவுக்கு நம்மிடம் நேர் இணையே இல்லை. ‘மை நெஃப்யூ ஹூ லிவ்ஸ் இன் சுசீந்திரம்’ என்று கமா இல்லாமல் எழுதினால், மருமக்கள் பலரில் சுசீந்திரத்தில் இருக்கிறவர் என்று பொருள். நெஃப்யூவுக்குப் பின் ஒன்றும் சுசீந்திரத்துக்குப் பின் ஒன்றுமாக இரண்டு கமா இட்டால், மருமகன் ஒருவரே, அவர் சுசீந்திரத்தில் இருக்கிறார் என்பது கூடுதல் செய்தி. தமிழில் ‘சுசீந்திரத்தில் இருக்கும் என் மருமகன்’ என்பது இரண்டுக்கும் பொது. பெயரெச்சம் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்பதால் நடுவே எந்தக் குறியும் நுழைய இடமில்லை. சொத்து சகோதரியின் மகனுக்குச் சேரும் மருமக்கள் வழி நடந்த நாட்டில் இது சில்லறை வேறுபாடு அல்ல. 1926-இன் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் பாகம் பிரிக்க வழிவிட்ட பிறகு, யாருக்கு எந்தப் பங்கு, எது கூட்டுக் குடும்பமான தரவாட்டுச் சொத்து, எது மனைவி மக்களுக்கான உகந்துடைமை என்று எழுதவேண்டி வந்த குடும்பங்களுக்கு மருமகன் ஒருவரா பலரா என்பதே பாதிக் கணக்கு. அதே செய்தியை ஆங்கிலத்தில் எழுத நேர்ந்த எவரும் இரண்டு கமாவில் ஒரு பங்கை இழக்கவோ பெறவோ முடியும். ‘ஹூ’-வுக்கு முன் கமா வருமா வராதா என்று மாணவரைக் கேட்டால் வாக்கியத்தை முணுமுணுத்துப் பார்ப்பார். மூச்சு அங்கே உதவாது, ஏனென்றால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

தமிழில் இந்த வேறுபாட்டை எப்படிக் காட்டுகிறோம்? ‘என் ஒரே மருமகன்’ என்கிறோம். அல்லது ‘என் மருமக்களில் சுசீந்திரத்தில் இருப்பவன்’ என்கிறோம். மறுபடியும் எண். ஆகவே இந்த மாவட்டத்து வகுப்பறையில் ‘ஹூ’, ‘விச்’ கமாவைக் கற்பிக்க மூச்சைவிட நல்ல கேள்வி ‘எத்தனை பேர்’ என்பதுதான்: ஒருவர் என்றால் இரண்டு கமா, பலரில் ஒருவர் என்றால் கமா இல்லை. பட்டியலுக்கும் அதே கேள்வி செல்லும். உருப்படிகளை எண்ணிவிட்டு, கமாக்கள் அந்த எண்ணிக்கையைக் காட்டுகின்றனவா என்று சரிபார்க்கலாம். எல்லாக் கமாவையும் இது தீர்க்காது. இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டும் வழக்கத்துக்கு எண்ணிக்கை மருந்தல்ல. வந்து, பார்த்து, பேசி, போனான் என்று வினையெச்சங்களை நீட்டிக்கொண்டே போகும் மொழியில் வளர்ந்தவருக்கு ஆங்கில வாக்கியம் எங்கே முடிகிறது என்பதே வேறு பாடம். எழுவாய்க்குப் பின் இடும் கமாவுக்கும் எண் பயன்படாது. அதற்கு வாக்கியத்தைச் சத்தமாக வாசிப்பதை நிறுத்தி, வினை எது, அதைச் செய்தவர் யார் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லவேண்டியிருக்கும்.